ஐம்பத்திரண்டு கிலோ

மூட்டைக்கு ஓர் ஆளின் நிறை வேண்டும் என்றார்கள்.
மேனேஜர் தன் வயிற்றைப் பார்த்துக்கொண்டார்.
சமையல்காரர் சிரித்தார்.
பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள்.

மரக்கறி லொறியின் தராசில் ஏறி நின்றேன்,
லீக்ஸ் தோல் ஒட்டிய தட்டில்,
செருப்பைக் கழற்றிவிட்டு.
ஐம்பத்திரண்டு.
புண்ணியமூர்த்தி அண்ணன் மணலை அள்ளிக் கொட்டினார்
சாக்குக்குள் நான் நிரம்பும் வரைக்கும்.

கொழும்பிலிருந்து வந்த ஃபாஸ்லி
பரசூட் பையின் வார்களைப் பூட்டினார்:
தோளுக்கு இரண்டு, தொடைக்கு இரண்டு,
நெஞ்சுக்குக் குறுக்கே ஒன்று.
கொக்கியைக் கம்பியில் மாட்டினால் போதும்,
துணி தானாக விரியும்,
குதிப்பது மட்டும்தான் உங்கள் வேலை என்றார்.
பத்து மாடிக்குக் கீழே என்றால் வேண்டாமாம்.
விரிவதற்குள் தரை வந்துவிடுமாம்.

நுவரெலியாவில் மலையை வெட்டாமல்
ஒரு கோழிக்கூடும் கட்ட முடியாது.
எங்கள் ஹோட்டலுக்கு
ஏரியைப் பார்த்த பக்கம் பன்னிரண்டு மாடி.
பின்பக்கம் மண் ஏறி வந்து
ஐந்தை விழுங்கிவிட்டது.
சலவை அறை, கேஸ் சிலிண்டர்,
நாங்கள் ஆறு பேர் தூங்கும் இரட்டைத் தட்டுக் கட்டில்,
எல்லாம் அந்தப் பக்கம்தான்.

பின் ஜன்னலால் குதித்தால்? என்று கேட்டேன்.
ஃபாஸ்லி தலையைச் சொறிந்தார்.
நல்ல மனிதர், பொய் சட்டென்று வரவில்லை.
"பின்னால ஏன் தங்கச்சி குதிக்கிறீங்க,
முன்னால ஓடி வாங்களேன்."

காலை பத்து மணி.
மொட்டைமாடி விளிம்பில் மூட்டையை நிறுத்தினோம்.
கீழே ஏரி இல்லை, தெரு இல்லை,
வாடகைக் குதிரைகள் இல்லை.
பனிமூட்டம் கைப்பிடிச் சுவர்வரை ஏறி நின்றது.
காற்று எந்தப் பக்கம் என்று பார்க்க
ஃபாஸ்லி ஒரு டிசுவை விட்டார்.
அது மேலே போனது.

தள்ளுங்க என்றார்.
என்னை நானே தள்ளினேன்.

ஈரப் படுக்கைவிரிப்பை உதறுவது போல
படாரென்று ஒரு சத்தம்.
அப்புறம் ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாத நேரத்தில்தான்
எங்கள் லயம் எரிந்த இரவு வந்தது.
பன்னிரண்டு காம்பரா, ஒரே கூரை.
குதிக்க உயரமே கிடையாது,
வாசற்படி ஓரடி.
நெருப்பு மேலே ஏறவில்லை.
கதவு கதவாக நடந்து வந்தது,
பேர் போட வருகிற கணக்கப்பிள்ளை மாதிரி.
தங்கேஸ்வரி மச்சாள்
பதினாறு நாள் பிள்ளையை
ஜன்னல் கம்பிக்கு நடுவே நீட்டினாள்.
நான் கை நீட்டி வாங்கினேன்.
அவ்வளவு பக்கத்தில்.
பிள்ளை வந்த இடைவெளியில்
அவளுடைய முழங்கைவரைதான் வந்தது.

"வந்திருச்சா?" என்று மேனேஜர் போனில் கேட்டார்.
"இங்க ஒன்னும் வரல சேர்,"
கீழேயிருந்து புண்ணியமூர்த்தி அண்ணன் குரல்.

முக்கால் மணி நேரம் தேடினோம்.
ரோட்டுக்கு அந்தப் பக்கம்
யாருடையதோ லீக்ஸ் பாத்தியில்
செம்மஞ்சள் துணியை இழுத்துப் போர்த்திக்கொண்டு
குப்புறக் கிடந்தேன்.
பாத்திக்காரர் முறிந்த செடிகளைச் சிங்களத்தில் எண்ணிக்கொண்டிருந்தார்.
ஃபாஸ்லி மூட்டையின் முதுகைத் தட்டினார்:
"பாருங்க, ஒரு கீறல் இல்ல."
மேனேஜர் அங்கேயே நின்று இருபத்து நான்கு பைக்குக் கையெழுத்துப் போட்டார்,
ஏரியைப் பார்த்த அறைகளுக்கு.

ஒவ்வொரு கட்டிலுக்கடியிலும் ஒன்று,
வாரம் ஒரு தடவை தூசு தட்டுவது என் பொறுப்பு.
எப்படி மாட்டுவது என்ற அட்டை மூன்று மொழியில் இருக்கிறது.
மூன்றும் எனக்கு வாசிக்கத் தெரியாதவை.
படத்தில் குதிப்பவர் சிரிக்கிறார்.

திரும்பும்போது லொறிக்காரன் விளையாட்டாக
மூட்டையைத் தராசில் தூக்கி வைத்தான்.
நாற்பத்தொன்பது.
ஓரத் தையல் ஒரு விரல்கடை விட்டிருந்தது.

மூன்று கிலோ குறையுது சேர் என்றேன்.

மண்தானே என்றார்.