மேங்கோ ஐஸ்

வண்ணார்பேட்டை பாலத்துக்குக் கீழே
எட்டுக்கு ஆறடியில் என் கடை.
உடைந்த டிஸ்ப்ளே மாற்றுவேன்,
தண்ணீரில் விழுந்த போனுக்கு உயிர் கொடுப்பேன்.
போன பங்குனியில் ஜெபஸ்டின் ஒன்றைக் கொண்டுவந்தான்.
பொறியியல் மூன்றாம் வருஷம்.
விரல் நீளம், மஞ்சள் நிறம்.
"சார்ஜ் ஏறலண்ணே. யார்ட்டயும் சொல்லிராதிய."

திறந்தேன்.
சின்னதாய் ஒரு பேட்டரி,
மயிர்க்கனத்தில் கம்பிச் சுருள்,
சுற்றிலும் ஈரப் பஞ்சு.
அவ்வளவுதான் சாமான்.
கடை முழுக்க மட்டும்
யாரோ பழம் நறுக்குகிற வாசம்.
பக்கத்துக் கடை பிச்சுமணி எட்டிப் பார்த்து
"என்னவே, நமக்கு ஒரு கீத்து கிடையாதா?" என்றார்.

எனக்கு வாய் ஊறியது.
பஞ்சைப் பார்த்து வாய் ஊறியது.
பிற்பாடு நடந்த எல்லாவற்றுக்கும்
அந்த எச்சில்தான் முதல் சாட்சி.

புகை எனக்கு ஆகாது.
முக்கூடலில் அம்மா தினம் எண்ணூறு பீடி சுற்றினாள்.
சோற்றில் தூள், தலையணையில் தூள்,
கணக்கு நோட்டின் மடிப்பில் தூள்.
பத்து வயதில் திருட்டுத்தனமாய் ஒன்றைப் பற்றவைத்து
அடிபம்பு அருகே குடல் வரை கக்கினேன்.
அன்றைக்குத் தாழ்போட்டது தொண்டை.
கல்யாண வீடுகளில், டீக்கடைகளில்
சிகரெட் எத்தனையோ தடவை தட்டிப் பார்த்தது,
திறக்கவில்லை.
இது தட்டவே இல்லை.
பழக்கூடையோடு வருகிறவனை
யார் வாசலில் நிறுத்துவார்?

சரிசெய்த சாமானைச் சோதிக்க வேண்டாமா?
ஒரே ஒரு இழுப்பு.
காந்தல் இல்லை, இருமல் இல்லை.
நாக்கில் இனிப்பு, தொண்டையில் ஐஸ்.
இரண்டுக்கும் பின்னால்
செருப்பைக் கழற்றிவிட்டு ஓசையில்லாமல்
இன்னொன்று உள்ளே போய் உட்கார்ந்தது.

ஆனியில் நானே வாங்கினேன்.
தடைசெய்த சரக்கு,
பவர் பேங்க் டப்பாவுக்குள் வைத்துத் தந்தார்கள்.
பீடிக்கு ஒரு முடிவு உண்டு, விரல் சுடும்.
இதில் விரல் சுடாது.
சால்டரிங் கம்பி சூடாகும் நேரத்தில் ஒரு இழுப்பு,
ஆறும் நேரத்தில் ஒரு இழுப்பு,
வாடிக்கையாளர் பேரம் பேசும்போது
கவுண்டருக்குக் கீழே குனிந்து ஒரு இழுப்பு.

ஐப்பசி மழையில் லோடு வரவில்லை.
ருசியில்லாத ஒன்றை நீட்டினான் ஜெபஸ்டின்.
"உள்ள மருந்து அதே அளவுதாம்ணே."
அதே அளவுதான்.
ஆனால் தொண்டையை அறுத்தது,
அம்மாவின் முறம் கண்ணில் வந்து நின்றது.
நாலாவது இழுப்பில் டிராயருக்குள் எறிந்தேன்.
உடம்பு சாயங்காலம் வரை கேட்டுக்கொண்டேதான் இருந்தது,
கைதான் அந்த டிராயர் பக்கம் போகவில்லை.
கட்டிப்போடுகிறவன் ஒருத்தன்,
கூப்பிட்டு வருகிறவன் வேறொருத்தன் என்று
அன்றைக்குத் தெரிந்தது.
தெரிந்து என்ன?
மறுவாரம் மஞ்சள் டப்பா வந்துவிட்டது.

இந்த வைகாசியில்
பாளை மார்க்கெட்டிலிருந்து சப்பட்டை மாம்பழம் வாங்கி வந்தாள்
ஆவுடைச்செல்வி.
வகுந்து தட்டில் வைத்தாள்.
கடித்தேன், நல்ல பழம்.
விழுங்கினேன்.
பிறகு காத்திருந்தேன்.
நெஞ்சு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு
பழத்துக்குப் பின்னால் வரவேண்டியவனைத்
தேடி நின்றது.
ஒருத்தரும் வரவில்லை.
வெறும் பழம்.

"புளிக்கா?" என்றாள்.
"இனிக்கத்தான் செய்யுது."

அவள் கொட்டையைச் சூப்பிக்கொண்டிருந்தாள்,
முழங்கை வரை சாறு வழிய,
வேறெதற்கும் காத்திருக்காமல்.

கை கழுவிவிட்டு வருகிறேன் என்று
மாடிப்படி ஏறினேன்.
குழாய் கீழேதான் இருக்கிறது.