கிழிபடாதவை

கிழிந்த சீட்டு ஒரு வெள்ளி, மிஞ்சினால் ஒன்றரை.
கிழியாததற்குத்தான் லிம் பூன் ஹோ விலை சொல்வார்.
சுங்கை ரோடு சந்தை மூடியபின் அவர் கடை
ஒரு சூட்கேஸுக்குள் சுருங்கிவிட்டது.
ஞாயிறு மாலை காலாங் பாரு காப்பிக்கடையில் திறப்பார்.
முதலில் எழுவது பாச்சை உருண்டை வாசம்.

என்னிடம் இருநூற்றுப் பதினாறு இருக்கின்றன.
குத்துச்சண்டை, மூன்றாம் வகுப்பு, நாற்பது காசு.
சக்கரச் சறுக்கு அரங்கு, வெளிர்பச்சை, காலணி வாடகை தனி.
பங்சவான் நாடகம்; நாற்காலி எண் ஈரத்தில் கரைந்தது.
முப்பத்தெட்டாம் வருடத்துக் கிளப் அட்டை ஒன்று,
புகைப்படத்தில் மீசை வைத்த துரை.
பிறருக்கு மாற்றத்தக்கதன்று என்று அச்சடித்திருக்கிறது.
துரையிடமிருந்து பட்லருக்கு, பட்லரிடமிருந்து அடகுக்கடைக்கு,
பிறகு லிம், பிறகு நான்.
அந்தக் கிளப்புக்குள் என்னைப் போன்றவன்
சமையற்கட்டு வழியாகத்தான் நுழைந்திருக்க முடியும்.
இப்போது துரை என் கைவசம்.

கிழியாத சீட்டு என்றால்
யாரோ உள்ளே போகவில்லை என்று பொருள்.
இது எனக்கு உறைக்கப் பதினோரு வருடம் ஆயிற்று.
மழை பிடித்திருக்கும். முதலாளி விட்டிருக்கமாட்டான்.
ஊரடங்கு. காய்ச்சல்.
வருகிறேன் என்ற பெண் வந்திருக்கமாட்டாள்.
வாசல்வரை வந்து திரும்பியவர்களைப்
பிளாஸ்டிக் உறைகளில், பக்கத்துக்கு ஆறு பேராக,
அடுக்கி வைத்திருக்கிறேன்.

நானும் வாசல்காரன்தான்.
நியூ வோர்ல்ட் இருந்த மண்ணில்
இன்று நிற்கும் அடுக்குமாடிக்கு இரவுக் காவல்.
அடையாள அட்டை, வீட்டு எண், வண்டி எண்.
தடுப்புக் கம்பி உயரும், தாழும்.
நான்காம் மாடிக்கு மேல் நான் போனதில்லை.

வியாழன்தோறும் மாஜோங் ஆட வருவார்
மேடம் சியாவ் கெக் லான்.
எண்பத்தெட்டு வயது, சிவப்பு நகப்பூச்சு, பதினேழாம் மாடி.
ஒரு மழை இரவில், டாக்சி வரும்வரை,
என் ஆல்பத்தைத் தானே இழுத்துப் புரட்டினார்.
துரையைப் பார்த்து, "பாக்கி வைக்கிற மூஞ்சி" என்றார்,
எங்கள் இருவருக்கும் பொதுவான உடைந்த மலாயில்.
அடுத்த பக்கத்தில் விரல் நின்றது.

நடனச் சீட்டு. இளஞ்சிவப்பு. ஓர் ஆட்டத்துக்கு. எண் 04417.
லிம்மிடம் அறுபத்தைந்து வெள்ளிக்கு வாங்கியது.
சுகிர்தாவிடம் இருபது என்று சொல்லியிருந்தேன்.

"இதில் எட்டுக் காசு எங்களுக்கு.
மீதி மேனேஜருக்கு.
ராத்திரி ஒரு மணிக்கு எண்ணிக் கொடுத்துக் காசு வாங்குவோம்.
இதை யாரும் எண்ணவில்லை.
எவளோ ஒருத்திக்கு எட்டுக் காசு வரவில்லை."

நான் வாய் திறக்குமுன்
உறையிலிருந்து உருவி
புள்ளிக்கோட்டில் கை நடுங்காமல் கிழித்தார்.

அறுபத்தைந்து வெள்ளியின் சத்தம்
அவ்வளவு சின்னது.

ஒரு பாதி அவர் கைப்பைக்குள் போய் மூடிக்கொண்டது.
மறுபாதியை என் பக்கம் நகர்த்தினார்.
"ஆட்டம்?" என்றேன், கோபத்தில்தான்.
"முட்டி வலிக்கிறது. கடன் வைத்துக்கொள்."

டாக்சி வந்தது. கம்பியைத் தூக்கினேன்.
வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே
வெளியேறிய நேரம் 11.52 என்று எழுதினேன்.

லிம் அந்தப் பாதியைக் கையில்கூட வாங்கவில்லை.
"ஐம்பது காசு," என்றார், "அதுவும் உன் முகத்துக்காக."

விற்கவில்லை. ஆல்பத்திலும் சேர்க்கவில்லை.
காவலறைக் கண்ணாடியின் ரப்பர் விளிம்பில்
செருகி வைத்திருக்கிறேன்.
அடுத்த வியாழன் வந்தவர் அதைப் பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கைத்தடியை மேசையில் சாய்த்துவிட்டு
குனிந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார்,
வேண்டுமென்றே, எனக்குத் தெரியும்படி.