சொத்து விவரம்

நன்னிலம் சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிரே
ஜெராக்ஸ் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில்
இருபத்திரண்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன்.
கிரயம், ஒத்தி, குத்தகை, விடுதலை.
யார் வந்து உட்கார்ந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான்:
முழுசா வேணுமா, கொஞ்ச காலத்துக்கா?

நேற்று திருவாரூர் ஷோரூமில்
அதையே என்னிடம் கேட்டாள் ஜெனிட்டா.
"லீஸ்னா மாசம் இருபத்தாறாயிரம், மேடம்.
நாலு வருஷம். இன்சூரன்ஸ், சர்வீஸ் எல்லாம் எங்க பாடு.
முடிஞ்சதும் சாவியைக் குடுத்துட்டு
புதுசு எடுத்துக்கலாம்."

அம்பலவாணனுக்குப் பிடித்துவிட்டது.
"பழசே ஆகாத வண்டி" என்றார்.
அப்படி ஒரு பொருள்
எங்கள் வீட்டில் இதுவரை தங்கியதில்லை.

வீடு எங்களுடையது. மனை மடத்துடையது.
வருஷா வருஷம் பகுதி கட்டுகிறோம்,
ரசீது இன்னும் மாமனார் பெயரில்;
அவர் போய்ப் பதினாலு வருஷம்.
வயல் ஒன்பது மா, அது கோயில் குத்தகை.
பக்கத்து வயலைக் கிரயம் வாங்கியவர்
விற்றுவிட்டுத் திருப்பூர் போனார்,
அவரிடம் வாங்கியவரும் போனார்.
இரண்டு பத்திரமும் என் கையெழுத்து.
குத்தகைக்காரர்கள் நாங்கள்
மூன்றாம் தலைமுறையாக அங்கேயே நடுகிறோம்.

வாங்கினால் மட்டும்?
ஏழு வருஷம் ஆர்.சி.யில் வங்கி பெயர் இருக்கும்.
வண்டியை ஒத்தி வைத்து அதே வண்டியை வாங்குவது.
இதைச் சொன்னதும் ஜெனிட்டா சிரித்தாள்.
"எல்லாருக்கும் அப்படித்தான் மேடம்."
அவள் வேலைக்கு வருவது நாகூர் பஸ்ஸில்.

ஓட்டிப் பாருங்க என்றார்கள்.
கங்களாஞ்சேரி தாண்டியதும்
பாதி ரோட்டில் நெல் காய்ந்தது.
ஓரம் நெடுக செங்கல், கருங்கல், ஒரு கிழிந்த டயர்.
அந்தப் பாதிக்கு யாரும் பத்திரம் எழுதவில்லை,
நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடவில்லை,
ஆனாலும் எல்லை எல்லைதான்.
மணல் லாரியே மதித்து ஒதுங்கியது.
எதிரே அறுப்பு மிஷின்,
மிச்சமிருந்த பாதியை அடைத்துக்கொண்டு.
காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்தவள்
நிமிர்ந்து என் சக்கரத்தைப் பார்த்தாள்.
நெல்லில் ஏற்ற மனசு வரவில்லை.
செங்கல் உரசியது. சத்தம் என் பல்லில் கேட்டது.

ஜெனிட்டா இறங்கி, குனிந்து,
கதவின் அடியில் விரல் வைத்து அளந்தாள்.
"டெமோ வண்டிதான், பரவாயில்ல.
லீஸ் வண்டின்னா இதுக்கு ரேட் இருக்கு.
ரெண்டு இஞ்சு வரைக்கும் விட்டுருவாங்க.
இது மூணு இருக்கும்."

நாலு வருஷம். எட்டு அறுப்பு.
எட்டுத் தடவை இதே செங்கல்.
ஐப்பசியில் பேரளம் ரோடு,
டிக்கியில் யூரியா மூட்டை,
சீட்டு இடுக்கில் கருக்காய்.
கடைசி நாள் டார்ச்சோடு ஒருவர் வந்து
நாங்கள் போன வழியையெல்லாம்
இஞ்சு கணக்கில் பில் போடுவார்.

"கீறல் என் பெயர்லயே இருக்கட்டும்" என்றேன்.
அம்பலவாணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
அவர் கணக்குப்படி நான் சொன்னது நஷ்டம்.
இருக்கலாம்.

முன்பணம் பதினோராயிரம்.
ரசீதில் திரிபுரசுந்தரியைத்
'திருபுரசுந்தரி' என்று அடித்திருந்தார்கள்.
திருத்தி, திருத்தத்துக்குப் பக்கத்தில்
மேனேஜர் கையெழுத்தும் வாங்கிக்கொண்டுதான் கிளம்பினேன்.

ராத்திரி, பழக்கதோஷம், எழுதிப் பார்த்தேன்.
சொத்து விவரம்: வெள்ளைக் கார் ஒன்று.
இதற்கு நான்கெல்லையாவது,
என்று தொடங்கிப் பேனா நின்றது.
ஓடும் பொருளுக்கு ஏது எல்லை?
சரி, நிற்கும்போது.
வடக்கிலும் தெற்கிலும் மடத்து மனை,
மேற்கே வாய்க்கால்,
கிழக்கே வங்கி.
இதற்குள்பட்ட, இனிமேல் விழப்போகும்
கீறல்கள் அனைத்தும்
வில்லங்கம் ஏதுமின்றி.