பாதி நிழல்

ஃபையால் தீவில், என் கராஜுக்குள்,
மீன்வலை ஈயக்கட்டி ஒன்று
பியானோ கம்பியில் பதினொரு நாளாகத் தொங்குகிறது.
பழைய கதவுச் சட்டத்தை அறுத்து நான் கட்டிய ஊசல்.
அதன் வாலில் ஃபிர்மீனுவின் சவர பிளேடு.
கேட்டுத்தான் எடுத்தேன்.
திருப்பித் தருவதாகவும் சொன்னேன்.

நிலம் நகரும்போது ஈயம் நகர மறுக்கும்.
அந்த மறுப்பைப் பார்க்க ஒரு கண் வேண்டும்.
அதுதான் அமையவில்லை.

கெட்டுப்போன பிரிண்டரில் கழற்றிய உணரி
காகிதம் உண்டு, காகிதம் இல்லை
என்ற இரண்டே வாக்கியம் படித்திருந்தது.
வெட்டு ஒன்று துண்டு இரண்டாக
நிலம் பேசுவதில்லை, எனக்குத் தெரியும்.
எட்டு வயதில், விடியும் முன்,
கட்டிலோடு நான் சுவரின் மறுபக்கம் கிடந்தேன்.
அதற்கு முந்தைய மாதமெல்லாம்
அலமாரியில் கோப்பைகள் முணுமுணுத்தபடி இருந்ததாக
எல்லோரும் பிறகு சொன்னார்கள்.

தெருவிளக்கிலிருந்து வந்த இன்னொன்று
வெளிச்சத்தை அசைபோட்டுத்தான் விழுங்கும்.
வெயில் தகரக் கூரையைச் சுட்டால்
அதையும் நடுக்கம் என்று புகார் சொல்லும்.
தூக்கிப் போட்டேன். பிறகு பொறுக்கி டப்பாவில் வைத்தேன்;
தீவில் எதையும் முழுதாகத் தூக்கிப் போட முடியாது.

கடைசியில் லிஸ்பனிலிருந்து, கப்பலில்,
அரிசியளவு சில்லில் இரண்டு டயோடுகள்.
நடுவே மயிரிழை இடைவெளி.
எதிரே அகச்சிவப்பு விளக்கு, இடையில் பிளேடின் நிழல்.
ஒருவருக்குக் கூடினால் மற்றவருக்குக் குறையும்,
பங்காளிக் கணக்கு.
விளக்கு சோர்ந்தால் இருவருக்கும் ஒரே நஷ்டம்;
கழித்தால் சுழியம்.
மிஞ்சுவது அசைவு மட்டும்.

முதல் இரவே கோடு மூச்சு விட்டது.
ஆறரை நொடிக்கு ஒரு தடவை, ஏறி, இறங்கி.
மின்சாரத்தைப் பிடுங்கிப் படகு பேட்டரியை மாட்டினேன்.
பெட்டியின் இடுக்கெல்லாம் கறுப்பு டேப்.
சிலந்தி புகுந்ததா என்று பூதக்கண்ணாடியில் தேடினேன்.
செலவழித்த யூரோவை ஒவ்வொன்றாகத் திட்டினேன்.
அது பாட்டுக்கு விட்டபடி இருந்தது.

பிளேடு கேட்டு ஃபிர்மீனு வந்தான், தாடியோடு.
திரையைப் பார்த்தான், ஒன்றும் கேட்காமல் வெளியே போனான்,
இருட்டில் பாறையடியில் மோதும் அலைக்கும்
அடுத்த அலைக்கும் நடுவில்
விரல் மடக்கி எண்ணிவிட்டு வந்தான்.
"பதின்மூன்று நொடி. வடக்கே பெரிய காற்று, டெயோலிந்தா.
உன் கோடு அதில் சரிபாதி."
ஏன் பாதி என்று அவனுக்கும் தெரியவில்லை.
பிளேடை மறந்துவிட்டுப் போனான்.

கடல் கேட்கிறது என்றால் கண் சரிதான்.

திருகைக் கால் சுற்று. நிழல் பாதியில் நிற்க வேண்டும்.
இடது காலுக்கு மாறினேன், கோடு சாய்ந்தது.
வலது காலுக்கு வந்தேன், அந்தப் பக்கம்.
என் எடை தரையை அழுத்துவதை
இத்தனை நுணுக்கமாக யாரும் கவனித்ததில்லை.
விளக்கை அணைத்து, கதவைச் சாத்தினேன்.
நான் வெளியேறியது
உள்ளே ஒரு சிறு சரிவாகப்
பதிந்துகொண்டிருக்கும்.