நூற்று இருபது சொற்களுக்குள்

கெத்தை மின்நிலையத்தில் இரவுப் பணி.
இரண்டாம் எந்திரம் ஓடுகிறது, மேசை நடுங்குகிறது,
நான் கல்லொட்டிக்கு வாய் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மாவட்டக் கலைக்களஞ்சியம், நான்காம் தொகுதி, நீர்வாழ்வன.
பதிவுக்கு எழுபது ரூபாய்.
ஊட்டியிலிருந்து பதிப்பாசிரியர் வாகீசன் அனுப்பிய தாளில்
கட்டளைகள் கறாரானவை:
நூற்று இருபது சொல்.
முதல் வரியிலேயே எந்த மீன் என்று தெரிந்துவிட வேண்டும்.
நீளம், நிறம், வாழிடம், இரை, இனப்பெருக்கம், பயன்.
'அழகிய' வேண்டாம். 'துள்ளும்' வேண்டாம்.
'பரவலாக' என்றால் எங்கெங்கே என்று எழுது.

எழுதினேன்:
வாய் தலைக்கு அடியில். கீழுதடு வட்டத் தட்டாக விரிந்திருக்கும்.
அதனால் பாறையைப் பற்றிக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும்.
விரலளவு.
'யார் விரல்?'
என்று ஓரத்தில் சிவப்பு மை.

ஸ்கேலோடு ஓடைக்குப் போனேன்.
மூக்கு நுனியிலிருந்து வால் தொடங்கும் இடம்வரை
ஒன்பது சென்டிமீட்டர்.
அதை அளந்துகொண்டிருக்கையில் வழுக்கிப் போனது
பதினொன்றாக இருந்திருக்கக்கூடிய இன்னொன்று.

ட்ரவுட்டில் இந்தத் தொல்லை இல்லை.
முட்டையாகப் பனிக்கட்டியில் கப்பலேறி வந்த மீன்.
கொண்டுவந்த துரை, வந்த வருஷம், வழியில் செத்த முட்டைகள்,
எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது.
வெட்டி வெட்டித்தான் நூற்று இருபதுக்குள் அடைத்தேன்.
கல்லொட்டியோ அறுபத்தெட்டிலேயே நின்றுவிட்டது.
இனப்பெருக்கம்: சரியாகத் தெரியவில்லை.
எண்ணிக்கை: தரவு போதாது.
உள்ளூர்ப் பெயர்: கல்லொட்டி
என்றே போட்டேன், அது கீழே பவானிக்கரையில் சொல்வது.
இன்னும் ஐம்பத்திரண்டு சொல்லுக்கு நான் எங்கே போவேன்?

மஞ்சூர்ச் சந்தையில்
அரிவாள்மனைக்குப் பின்னால் செபமாலை.
கண்டியில் ஐந்தாவதுவரை படித்தவள்.
ஈரக் கையை முழங்காலில் துடைத்துவிட்டு
ஒரே மூச்சில் வாசித்தாள்.
"எல்லாஞ் சரி. முள்ளைப் பத்தி எழுதலையே?
உள்ளுக்குள்ள கவட்டை கவட்டையா இருக்கும்.
போன மாசம் எங்க லயத்துல ஒரு பிள்ளைக்கு
தொண்டையில நின்னு, குன்னூருக்குத் தூக்கிட்டு ஓடினோம்.
அதுக்குப் புத்தகத்துல இடமில்லையா?"
பிறகு அடுத்த மீனுக்குச் செதில் சீவிக்கொண்டே,
"அதென்ன கல்லொட்டி? கரண்டு மீனுன்னு சொன்னாத்தான் இங்க தெரியும்.
கெத்தையில மிஷின் நின்னு தண்ணி வத்துனா
குட்டையில அள்ளலாம்."

பதினொரு வருஷமாக
அந்த மிஷினை நிறுத்துகிறவன் நான்.
நின்ற பிறகு கீழே என்ன இருக்கும் என்று
ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவு, கடைசிப் பேருந்து.
வளைவுக்கு ஒரு சொல்லாகச் சேர்த்துக்கொண்டே இறங்கினேன்:
தசையில் கவட்டை முட்கள் உண்டு
சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கையில்
என்பதற்குள் எனக்கு வாந்தி வந்துவிட்டது.
மீதியை அறையில் முடித்தேன்.

வாகீசன் முள்ளை ஏற்றுக்கொண்டார்.
கரண்டுதான் அவருக்குக் குத்தியது.
'வேற்றுமொழிச் சொல். மின்சார மீன் என்று திருத்தலாமா?'
ஐயா, மின்சார மீன் என்றால்
தொட்டால் ஷாக் அடிக்கும், அது வேறு மீன், வேறு கண்டம்.
இது ஷாக் அடிக்காது.
இது கரண்டு போன பிறகு
குழம்பாகிற மீன்.
அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது. பதிலில்லை.

ஐந்து மணிக்குக் கோயம்புத்தூரிலிருந்து போன்:
சுமை குறைந்துவிட்டது, இரண்டை நிறுத்து.
நிறுத்தினேன். நடுக்கம் மேசையை விட்டுப் போனது.
டார்ச்சோடு கீழே இறங்கினால்
வடிகிற நீரில், ஈரப் பாறைமேல்,
உதட்டால் பிடித்தபடி ஏழெட்டு.
ஒன்றுகூடத் துள்ளவில்லை.
அந்த மட்டில் வாகீசன் சொன்னது சரி.

பணிப் பதிவேட்டில்
நேரம், மெகாவாட், நீர்மட்டம் எழுதி,
என்றைக்கும் 'ஏதுமில்லை' போடுகிற குறிப்புக் கட்டத்தில்
'கரண்டு மீன் எட்டு' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

காலையில் உதவிப் பொறியாளர் கேட்டார்,
"எட்டு சரி, என்ன யூனிட்டு?"