மூன்று இடைவெளி

ரொமுலோ மட்டும்
வரியை மூன்று இடைவெளி தள்ளித் தொடங்குவான்.
"இரண்டு கஞ்சத்தனம்.
நான்குக்கு யார் வாடகை கட்டுவது?"
ஒன்-நார்த்தில், பதினொன்றாம் மாடியில்,
வாடகை என்ற சொல்லுக்கு
எல்லோரும் சிரிப்போம், சற்றுத் தாமதமாக.

நான் டேப் கட்சி. ஷு யென் நான்கு.
மீன் சூப் ஆறிப்போகும்வரை
வெற்றிடத்துக்காக வாதாடுவோம்.
பக்கத்து மேசையில்
ஒரு டிஷ்யூ பொட்டலத்தை உட்காரவைத்துவிட்டு
யாரோ வரிசைக்குப் போயிருப்பார்.

மார்ச்சில் அவனது வேலை அனுமதி
புதுப்பிக்கப்படவில்லை.
கொஞ்ச நாள் அவன் கள்ளிச்செடி இருந்தது.
பிறகு மேசையையும் எடுத்துவிட்டார்கள்.

ஒரு வெள்ளி மாலை உத்தரவு வந்தது:
இனி எல்லாம் நான்கு.
கருவியை இயக்கியது நான்தான்.
இருநூற்றுப் பன்னிரண்டு கோப்புகள்
ஒரு கொப்பி-ஓ ஆறுவதற்குள்
ஓரம் பிசகாமல் நின்றன,
ரயில் கதவின் இருபுறமும்
அம்புக்குறிக்குப் பின்னே நிற்பவர்களைப் போல.
சோதனைகள் அத்தனையும் பச்சை.
கணினியைக் கேட்டால்
ஒன்றுமே மாறவில்லை என்றுதான் சொல்லும்.

செவ்வாய் இரவு இரண்டரை.
உட்லண்ட்ஸ். போர்வைமேல் மடிக்கணினி.
யாரோ ஒரு பூக்கடைக்காரரின்
ஞாயிற்றுக்கிழமைப் பணம் இருமுறை போயிருக்கிறது.
இந்த வரியை எழுதியது யார்?
அதைக் கேட்கும் கட்டளைக்குப் பெயரே பழி.

சுடர்விழி.
மேல்வரி, சுடர்விழி.
உருட்ட உருட்ட
      சுடர்விழி
      சுடர்விழி
            சுடர்விழி,
நான் எழுதாத பதினோராயிரம் வரிகளில்.
நகர்த்தியது வரிக்கு ஓர் இடைவெளிதான்,
ஆளே வெளியே விழுந்துவிட்டான்.

குறிப்புகளுக்குள் மட்டும்
கருவி கைவைப்பதில்லை.
நூற்று நாற்பதாம் வரிக்குக் கீழே
   மூன்று தள்ளி, அப்படியே:
   ஞாயிறன்று வங்கி இருமுறை பதில் தரும்.
   இரண்டாவதை நம்பாதே.
   மீதி நாளை, பசிக்கிறது.

அந்த இரண்டாவதை நம்பியது
போன மாதம் இடையில் செருகிய ஒரு வரி.
அத்தனை வரியிலும்
அது ஒன்றுதான் நிஜமாக நான்.

திருத்தி, அனுப்பி,
அவனுக்கு ஒரு வார்த்தை எழுதலாமென்று
இலொயிலோவில் மணி என்னவென்று பார்த்தேன்.

அங்கும் மூன்றே முக்கால்.