மொய் மேசை

ஆடியில் கல்யாணம் இல்லை.
கர்க்கடகத்திலும் இல்லை.
கொழிஞ்சாம்பாறை மண்டபம்
பாதி வாடகைக்குக் கிடைப்பது அதனால்தான்,
எங்கள் திரைப்பட விழாவுக்கு,
மூன்றாவது வருஷமாக.

மாலை மாற்றும் மேடையில் திரை.
திரை என்றால் இரண்டு எட்டுமுழ வேட்டி,
ஷாகிதா பீவி தையல் போட்டு இணைத்தது.
கணவாய் வழி வரும் காற்றிடம்
யார் டிக்கெட் கேட்பது?
ஆடிக்காற்றில் அம்மி பறக்குமாம். நான் பார்த்ததில்லை.
க்ளோசப்பில் கதாநாயகனின் கன்னம்
பல்வலிக்காரன்போல் உப்புவதைப்
பார்த்திருக்கிறேன்.

என் இடம் வாசலோரம், மொய் எழுதும் மேசை.
ஒரு நோட்டு, ஒரு லேப்டாப்.
நோட்டில்:
வேலந்தாவளம் டயர்க்கடை, ஐந்நூறு.
கள்ளுக்கடை மானேஜர், இருநூறு, பெயர் போட வேண்டாமாம்.
லேப்டாப்பில்:
ஜெசிந்தாவின் படம், இருபத்திரண்டு நிமிஷம்.
எல்லையில் ஓர் எடைமேடை, ஒரு ராத்திரி,
சுமை எவ்வளவு என்று ஒத்துப்போகாத இரண்டு பேர்.
எடைமேடைக்காரராக
எடைமேடைக்காரர் கிட்டுச்சாமியே நடித்தார்.
லாரி டிரைவராக வந்தவன்
கஞ்சிக்கோட்டு லாரி டிரைவர் சஜீந்திரன்.
ஷூட்டிங் நடுவே நிஜ லாரிகள் ஏழு வந்தன,
ஏழுக்கும் எடை போட்டு ரசீதும் கொடுத்தோம்.

விண்ணப்பத்தில் 'மொழி' என்று ஒரு கட்டம்.
ஒரு சொல்தான் கொள்ளும்.
கொச்சியில் திருப்பி அனுப்பினார்கள்,
கோயம்புத்தூரிலும்.
பேசினால் தமிழ், கெஞ்சினால் மலையாளம்,
கணக்கென்றால் மறுபடி தமிழ்,
சண்டைக்கு இரண்டும் பற்றாது.
எங்கே எழுத?

படத்தின் அடியில் எழுத்து ஓட வேண்டும்,
தமிழுக்கு மலையாளம், மலையாளத்துக்குத் தமிழ்.
எழுதியது நான்,
பகலில் லாட்டரிச் சீட்டு விற்கும் கை.
அன்றைக்கென்று கோப்பு முரண்டு பிடிக்க
வரிவரியாக விரலால் தட்டினேன்.
நான்கு வினாடி பிந்தியது.

கிட்டுச்சாமி திரையில் சொன்னார்:
"எடை சரியாத்தான் இருக்கு, லாரிதான் தப்பு."
பெண்வீடு மாப்பிள்ளைவீடு போல
தானாகவே பிரிந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தில்
இடப்பக்கம் சிரித்தது. அடங்கியது.
நான்கு வினாடி.
வலப்பக்கம் சிரித்தது.
அந்தச் சிரிப்பைக் கேட்டு
இடப்பக்கம் இன்னொரு தரம்.
இருட்டில் ஜெசிந்தா வந்து காதோரம் குனிந்தாள்:
"சரி பண்ணிடாதே."

கடைசி ஷாட்.
ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள்.
நிரம்புகிறது, வழிகிறது.
இரண்டு முதுகுகள்.
யார் வாய் என்று தெரியாமல் ஒரு குரல்:
"மதி."

மூன்று வாரம் அந்தச் சொல்லோடு கிடந்தேன்.
மலையாளத்தில் அது 'போதும்'.
தமிழில் அது அங்கேயே இருந்தது, சட்டத்தின் மூலையில்,
கேமராக்காரன் தள்ளித் தள்ளிப் பார்த்தும்
உள்ளே வந்துவிட்ட முக்கால் நிலா.
ஜெசிந்தாவைக் கேட்டால்
"ஹக்கீமைக் கேள், அவன்தான் மைக் பிடித்தான்" என்றாள்.
ஹக்கீம் ராவுத்தர் சொன்னான்,
"எனக்குத் தண்ணிச் சத்தம்தான் கேட்டது."

விரல் விசைமேல் நின்றது.
தட்டவில்லை.
காற்றில் வேட்டி ஒருமுறை உப்பி இறங்கியது,
நிலா பெருத்து, பிறகு இளைத்தது.
மண்டபம் முழுக்கக் கீழே பார்த்துக்கொண்டிருந்தது,
வராத வரிக்காக.

பரிசு வடகரப்பதிப் பையன்களுக்கு.
நல்ல படம்தான், குறை சொல்ல முடியாது.
மொய்க் கணக்கில் வாடகைக்கு அறுநூறு குறைந்தது.
காலையில் கிட்டுச்சாமி கடைக்கு வந்தார்,
சீட்டு ஒன்றும் கேட்காமல் நின்றார்.
"ஏங் கண்ணு,
கடைசில மதின்னது
நானா, அவனா?"

சில்லறை எண்ணுகிறவள்போல் குனிந்துகொண்டேன்.